கார் வாரண்டியும் கோலார் மச்சினனும்

கேள்வி: வணக்கம் சார். பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. பிடித்தம் போக மாதம் 62,000 கைக்கு வருகிறது. தருமபுரியில் வயதான அப்பா, அம்மா இருப்பதால் ஒரு பழைய கார் வாங்க முடிவு செய்திருக்கிறோம். 2018 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், 61,000 கிலோமீட்டர் ஓடியது. விலை 5.40 லட்சம். ஒரு லட்சம் முன்பணம் போக மீதி 4.40 லட்சத்துக்கு ஷோரூம்காரர்களே 14 சதவீத வட்டியில் 48 மாத லோன் ஏற்பாடு செய்கிறார்கள். இரண்டு வருட எக்ஸ்டெண்டட் வாரண்டி 38,000 ரூபாயாம். "தனியாகக் கட்ட வேண்டாம், லோனிலேயே சேர்த்துவிடலாம், மாசம் ஆயிரம் ரூபாய்தான் கூடும்" என்கிறார்கள். வண்டி திடீரென்று செலவு வைத்தால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. முன்பணம் கட்டியபின் வங்கியில் 22,000தான் மிஞ்சும். சேர்த்துத்தான் வைத்திருந்தோம். மனைவியின் தம்பி கோலார் தங்கவயலில் ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறார். அவருக்கு மூன்று தடவையாக 60,000, 45,000, 40,000 கைமாற்றாகக் கொடுத்தோம், 25,000 திரும்பி வந்தது. போனும் ஃப்ரிட்ஜும் இ.எம்.ஐ.யில் ஓடுகின்றன. ஒரு டிஃபென்ஸ் ஃபண்டில் (ராணுவத் தளவாட நிறுவனப் பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) மாதம் 3,000 எஸ்.ஐ.பி. போடுகிறேன். வார இறுதியில் காரைக் கொடுத்தால் சவாரி ஓட்டி, தவணையில் பாதியைத் தருவதாக மச்சினன் சொல்கிறார். வாரண்டி எடுக்கலாமா, வேண்டாமா?

பதில்: ஆயிரம் ரூபாயிலிருந்தே தொடங்குவோம். 38,000 ரூபாயை 14 சதவீதத்தில் 48 மாதத்துக்குப் போட்டால் தவணை சுமார் 1,040 வரும். ஷோரூமில் பொய் சொல்லவில்லை. ஆனால் அதை 48-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 50,000. வாரண்டியோ 24 மாதத்தில் முடிந்துவிடும். மூன்றாவது வருடமும் நான்காவது வருடமும் செத்துப்போன வாரண்டிக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். வண்டி நிஜமாகவே கையைக் கடிக்க ஆரம்பிப்பதும் அநேகமாக அப்போதுதான்.

சரி, அந்த 50,000-க்கு என்ன கிடைக்கும்? நீங்கள் தினமும் போகும் வழி எனக்குத் தெரியும். டின் ஃபேக்டரி, மாரத்தஹள்ளி, சில்க் போர்டு. அந்த நெரிசலில் ஓடும் மேனுவல் வண்டியில் முதலில் போவது கிளட்ச். பிறகு பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ், பேட்டரி, டயர். இவற்றில் ஒன்றையும் பெரும்பாலான வாரண்டிகள் ஏற்காது. தேய்மானம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள். மழைக்காலக் கதை தனி. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பக்கம் அவுட்டர் ரிங் ரோடு வெள்ளத்தில் எப்படிக் கிடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் வாரண்டியும் தராது, சாதாரண காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸும் தராது. அதற்கு இன்ஜின் புரொடெக்‌ஷன் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். இத்தனை வருட வண்டிக்கு எல்லா நிறுவனமும் அதைத் தருவதில்லை, பாலிசி மாற்றும்போது கேட்டுப் பாருங்கள்.

மிச்சம் இருப்பவை ஏசி கம்ப்ரசர், ஆல்டர்னேட்டர், ஸ்டீயரிங் மோட்டார், ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), அப்புறம் இன்ஜின், கியர்பாக்ஸ் உள்பாகங்கள். தோராயமாகச் சொன்னால் கம்ப்ரசருக்கு 15,000 முதல் 25,000. ஸ்டீயரிங்குக்கு 20,000-க்குக் குறையாது. இன்ஜினைப் பிரித்துக் கட்டினால் 60,000-ஐத் தாண்டும். ஜே.சி. ரோட்டில் பாகம் வாங்கிக் கொடுத்தால் ஒரு விலை, கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேறு விலை. நீங்கள் கட்டும் 50,000 திரும்ப வர வேண்டுமானால், ஒன்று இன்ஜினையே பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் மற்ற பெரிய பழுது இரண்டாவது வர வேண்டும், அதுவும் இரண்டே வருடத்துக்குள். ஒழுங்காக ஆயில் மாற்றிய 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டிக்கு அப்படி நடப்பது அபூர்வம். வந்தாலும் அவர்கள் மறுக்காமல் தர வேண்டும்.

நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். பல வருடங்களுக்கு முன் வாங்கிய ஒரு பழைய காருக்கு இதே மாதிரி வாரண்டி எடுத்தேன். கம்ப்ரசர் போனது. ஒரு சர்வீஸை மூன்று வாரம் தாமதமாகச் செய்திருக்கிறேன் என்று கையை விரித்துவிட்டார்கள். கோபப்படவும் வழியில்லை. அந்த ஷரத்து நான் கையெழுத்துப் போட்ட தாளில்தான் இருந்தது, ஒன்பதாம் பக்கத்தில். அதனால் யாராவது "பம்பர் டு பம்பர்", அதாவது வண்டி முழுக்கச் செல்லும் என்றால் பளபள நோட்டீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஷரத்துகள் அச்சடித்த தாளைக் கேளுங்கள். ஒரு பழுதுக்கு உச்சவரம்பு எவ்வளவு, பணம் தரும் பொறுப்பு கடைக்காரருக்கா வேறொரு கம்பெனிக்கா, எடுத்த நாளிலிருந்தே செல்லுமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். தாளைத் தரத் தயங்கினால் அதுவே பதில்.

எல்லோருக்கும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக், டர்போ டீசல், பெரிய ஐரோப்பிய வண்டி என்றால் ஒரே ரிப்பேர் லட்சத்தைத் தொடும். அங்கே தயாரிப்பாளரே நேரடியாகத் தரும் வாரண்டி மிச்சம் இருந்தால், அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். உங்கள் வண்டி அந்த ரகமில்லை.

இப்போது கோலாருக்கு வருகிறேன். மூன்று தடவையில் 1,45,000 போயிருக்கிறது, 25,000 வந்திருக்கிறது. நிலுவை 1,20,000. அந்தப் பணம் இன்று உங்கள் கணக்கில் இருந்தால் எனக்குக் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள். "போனால் போகட்டும், செய்துகொள்ளலாம்" என்று ஷோரூமிலேயே வாரண்டியை மறுத்திருப்பீர்கள். கையில் 22,000தான் மிஞ்சும் என்பதால்தான் கம்ப்ரசரை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. மச்சினனுக்கு வட்டியில்லாமல் கொடுத்த கைமாற்றுக்கு இப்போது நீங்கள் வட்டி கட்டப் போகிறீர்கள். அந்த வட்டிக்கு ஷோரூமில் வாரண்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஃப்ரிட்ஜும் போனும் இ.எம்.ஐ.யில் ஏறியதும் இதே வழியில்தான் என்று ஊகிக்கிறேன். ஐம்பதாயிரம் சேர்கிறது, கோலாரிலிருந்து போன் வருகிறது, பணம் போகிறது, பிறகு வீட்டில் எது பழுதானாலும் தவணை.

அவரைக் குறை சொல்லவில்லை. ஃப்ளெக்ஸ் கடைக்குத் தேர்தலும் திருவிழாவும் வந்தால் காசு, மற்ற மாதங்களில் கரண்ட் பில்லுக்கே இழுபறி. அவருக்கு வேண்டியது தொழில் கடன். சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் பிணை கேட்காமல் 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர் என்று இருக்கிறதே, வங்கியில் விண்ணப்பிக்கட்டும். வங்கி மேலாளர் கணக்குப் புத்தகம் கேட்பார், அக்கா வீட்டுக்காரர் கேட்பதில்லை. இத்தனை நாள் அந்தப் பக்கம் போகாததற்குக் காரணம் அதுதான். நிலுவையில் மாதம் 3,000 கொடுத்தால் போதும் என்று உங்கள் மனைவியையே பேசச் சொல்லுங்கள். நீங்கள் பேசினால் கௌரவப் பிரச்சினையாகிவிடும். வந்தால் நல்லது. என் கணக்கில் நான் அதைச் சேர்க்கப் போவதில்லை.

செய்ய வேண்டியது இது. வாரண்டி வேண்டாம். முன்பணத்தை ஒரு லட்சத்திலிருந்து 80,000 ஆகக் குறையுங்கள், கடன் கொடுப்பவர் ஒப்புக்கொண்டால். கடனைக் கூட்டச் சொல்கிறானே என்று தோன்றும். 20,000-க்கு முதல் வருட வட்டி 2,800-ஐத் தாண்டாது, தவணை 550 கூடும். பதிலுக்கு முதல் நாளே கையில் 42,000 இருக்கும். ஒரு கம்ப்ரசரும் ஒரு கிளட்சும் அதில் அடங்கிவிடும். வாரண்டிக்குக் கட்டுவதாக இருந்த 1,040-ஐயும் எஸ்.ஐ.பி. 3,000-ஐயும் சேர்த்து, கூடுதல் தவணையைக் கழித்தால் மாதம் 3,500 தேறும். ஒரு வருடத்தில் கையிருப்பு 80,000-ஐத் தாண்டும். வண்டி பழுதாகாவிட்டால் பணம் உங்களுடையது, வாரண்டி கம்பெனியுடையது ஆகாது. இந்தப் பணத்தை யு.பி.ஐ. இணைக்காத தனிக் கணக்கில் வையுங்கள். "மாமா, ஒரே வாரம்தான்" என்று போன் வரும்போது போனில் இரண்டு தட்டுத் தட்டி அனுப்ப முடியாத இடமாக இருக்க வேண்டும்.

டிஃபென்ஸ் ஃபண்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரே துறையில் பெரும்பகுதிப் பணத்தைப் போடும் ஃபண்டுகள் விலை ஏறி, யூடியூபில் எல்லோரும் பேசிய பிறகுதான் நம் காதுக்கு வரும். அவசரத்துக்குப் பணமில்லாத வீட்டில் அது ஆடம்பரம். போட்டது இருக்கட்டும், புதிதாகப் போடுவதை நிறுத்தி வையுங்கள். கையிருப்பு ஒரு லட்சம் ஆன பிறகு பேசுவோம், அப்போதும் வேறு ஃபண்டாக இருந்தால் நல்லது.

வாரண்டியைப் போலவே வட்டியிலும் ஒரு தொகை இருக்கிறது, அதை நீங்கள் கவனிக்கவேயில்லை. ஷோரூம் காட்டிய லோனை அப்படியே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். சம்பளம் வரும் வங்கியில் கேளுங்கள். 11.5 சதவீதத்தில் கிடைத்தால் அதே 4.40 லட்சத்துக்குத் தவணை 12,024-லிருந்து 11,480-க்கு இறங்கும். 48 மாதத்தில் 26,000 மிச்சம். எங்கே வாங்கினாலும் கையெழுத்துக்கு முன் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் (கடனின் வட்டி, கட்டணம் எல்லாம் காட்டும் தாள்) வாங்கிப் படியுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் இப்படிப்பட்ட கடன்களுக்கு அதைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் காட்டாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிடிக்க முடியாது. வாரண்டி, லோன் காப்பீடு என்று எதுவாவது கடன் தொகைக்குள் ஒளிந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

வாங்கும் முன் 2,000, 3,000 செலவழித்து, ஷோரூமுக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கை அழைத்துப்போய்க் காட்டுங்கள். இன்னொரு சின்ன வேலை. பழைய உரிமையாளரின் இன்சூரன்ஸ் தாளைக் கேட்டு நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) எவ்வளவு என்று பாருங்கள். தொடர்ந்து ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாதவருக்கு அது 50 சதவீதம் இருக்கும். இத்தனை வருட வண்டிக்கு 20 என்றோ பூஜ்யம் என்றோ இருந்தால், சமீபத்தில் எங்கேயோ இடித்திருக்கலாம், காரணம் கேளுங்கள். அந்த போனஸ் உங்களுக்கு வராது, பழையவரோடு போய்விடும்.

கடைசியாக, அந்த வார இறுதி சவாரி. உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்த வரி அதுதான். வெள்ளை போர்டு வண்டியை, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வண்டியை, வாடகைக்கு ஓட்டினால் பெர்மிட் இல்லாத குற்றம். தனியார் கார் பாலிசியிலும் வாடகை உபயோகம் கிடையாது என்றுதான் எழுதியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை முல்பாகல் பக்கம் யாரையாவது ஏற்றிக்கொண்டு போய் அவர் இடித்துவிட்டால், ரிப்பேர் செலவு உங்கள் தலையில். பயணிக்கு அடிபட்டால் நஷ்டஈடு கேட்டு வரும் நோட்டீஸும் ஆர்.சி.யில் இருக்கும் உங்கள் பெயருக்குத்தான் வரும். வாரண்டி எடுத்திருந்தாலும் அந்த ஒரு சவாரியைச் சொல்லியே அதையும் ரத்து செய்துவிடலாம். தவணையில் பாதி என்பது மாதம் 6,000. அதற்காக இந்த ஆபத்தை வாங்காதீர்கள். சாவியைக் கேட்டால், "பணம் பார்ப்பவர் ஒருவரிடம் கேட்டேன், கூடவே கூடாது என்று திட்டிவிட்டார்" என்று பழியை என் மேல் போடுங்கள்.