இப்போது என்ன படம், என்ன தொடர் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் அரை மணி நேரமாவது ரிமோட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பிடிபடாமல்தான் இங்கே வந்திருப்பார் என்று நினைக்கிறேன். அநேகமாகத் தனியாகப் பார்ப்பவராகவும் இருப்பார். நானும் அப்படி இருந்தவன்தான். பெயர் மட்டும் போதும் என்றால் இப்போதே சொல்லிவிடுகிறேன். தொடர், ‘கொலம்போ’. படம், போன ஞாயிற்றுக்கிழமை பார்த்த ‘12 ஆங்ரி மென்’.

ஒன்று 1971இல் தொடராக வர ஆரம்பித்தது, இன்னொன்று 1957இல் வந்தது. “தாத்தா காலத்துச் சரக்கு, இப்போது வருவது எதுவுமே கண்ணில் படவில்லையா?” என்று சிலர் கேட்பார்கள். புதியதை மட்டம்தட்ட நான் இதை எழுதவில்லை. இந்த இடத்துக்கு நான் வந்து சேர்ந்ததே ஒரு புதிய தொடரால்தான். அதில் நான் செய்த ஒரு தப்பால் என்று சொல்வதுதான் சரி.

என் அக்கா வேறு ஊரில் இருக்கிறாள். சில வருடங்களாக நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு போனில் கூப்பிடுவாள். இரண்டு வீட்டிலும் ஒரே எபிசோடைத் திறந்து நிறுத்தி வைத்திருப்போம். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று அவள் எண்ணுவாள், மூன்றில் இரண்டு பேரும் பட்டனை அழுத்துவோம். போனை ஸ்பீக்கரில் போட்டு சோபாக் கைப்பிடிமேல் வைத்துக்கொள்வேன். அவள் வீட்டு டிவி சத்தம் அரை நொடி பிந்தி என் பக்கம் கேட்கும். முதலில் அது எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த எதிரொலி இல்லாமல் பார்த்தால் படத்தில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.

அப்படி ஆரம்பித்ததுதான் ‘டார்க்’. ஜெர்மன் தொடர், 2017 முதல் 2020 வரை மூன்று சீசன், மொத்தம் 26 எபிசோட். பார்த்தவர்களுக்குத் தெரியும், 2019, 1986, 1953 என்று 33 வருட இடைவெளியில் கதை முன்னும் பின்னும் போய்வரும். நான்கு குடும்பங்கள். ஒரே ஆளை மூன்று வயதில் மூன்று நடிகர்கள் நடிப்பார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று ஞாபகம் வைப்பதற்குள் தலை சுற்றிவிடும். அக்கா ஒரு நீளமான நோட்டு எடுத்து நடுப்பக்கத்தில் வம்ச வரைபடம் போட ஆரம்பித்தாள். பேனா கிடையாது, பென்சில்தான். தப்பானால் அழிக்க வேண்டுமே. சந்தேகமான உறவுக்குப் புள்ளிக்கோடு, உறுதியானால் அதன்மேலேயே அழுத்தி ஒரு கோடு. காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே பென்சில் உரசுகிற சத்தம் எனக்குப் போனில் கேட்கும். சில சமயம் “நிறுத்து, நிறுத்து” என்பாள். நிறுத்துவேன். “இப்ப வந்தானே, அவனோட அம்மா யாரு?” என்று ஆரம்பித்தால் பத்து நிமிடம் பேச்சுதான் ஓடும். 50 நிமிட எபிசோடை நாங்கள் ஒன்றரை மணி நேரம் பார்த்திருக்கிறோம்.

இரண்டாவது சீசனில் மூன்று எபிசோட் முடிந்திருந்தது. அந்த வாரம் ஒரு நாள் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்றே ஒன்று பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று போட்டேன். சீசன் முடிகிற வரைக்கும், ஐந்து எபிசோடையும் பார்த்துவிட்டேன். சனிக்கிழமை ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்துகொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை வந்தது. நான்காவது எபிசோட் ஆரம்பிப்பதற்கு முன்னால் அக்கா வரைபடத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். ஒரு இடத்தில் அவள் போட்டிருந்த புள்ளிக்கோடு தப்பு. எந்தக் கோடு என்று இங்கேயும் சொல்ல மாட்டேன். “அது அங்க வராதுக்கா, அழிச்சிடு” என்று என் வாய் சொல்லிவிட்டது. போனில் பென்சில் சத்தம் நின்றது.

“உனக்கு எப்படித் தெரியும்?”

நான் பேசவில்லை.

“பார்த்துட்டியாடா?”

திட்டியிருந்தால் பரவாயில்லை. “சரி, நீ பார்த்து முடி, எனக்கு நாளைக்கு வேலை இருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டாள். நோட்டை மூடுகிற சத்தம் கேட்டது. அடுத்த இரண்டு சனிக்கிழமை போன் வரவில்லை. நான் கூப்பிட்டால் வீட்டு விஷயம், உடம்பு விஷயம் எல்லாம் பேசினாள். தொடரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒரு தொடரை முன்னாலேயே பார்த்ததற்கு இவ்வளவா என்று தோன்றலாம். கதை முன்பே தெரிந்தால் ரசனை கூடும் என்றுகூட ஒரு ஆய்வு இருக்கிறது. 2011இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் சிறுகதைகளைப் படிக்கக் கொடுத்துச் செய்தது. முடிவு தெரிந்து படித்தவர்கள் கூடுதலாக ரசித்ததாக வந்தது. இதை என்னிடம் எடுத்துக்காட்டிய நண்பரும் உண்டு. இருக்கட்டும். அங்கே ஆளுக்கொரு கதையைத் தனியாகப் படித்தார்கள். என் அக்காவுக்கு நான் கெடுத்தது முடிவை இல்லையே. தப்பும் சரியுமாக அவளே கோடு போட்டு அழித்துக்கொண்டிருந்தாள், அந்தப் பென்சிலைப் பிடுங்கிவிட்டேன். இதை எந்த ஆய்வை வைத்தும் என்னால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

‘கொலம்போ’வுக்கு வந்தது இப்படித்தான். மூன்றாவது வாரம் நானே கூப்பிட்டு, “ஒரு தொடர் இருக்குக்கா, கொலை செஞ்சது யாருன்னு ஆரம்பத்துலயே காட்டிடுவான். யாரும் யாரையும் முந்த முடியாது” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எண்ணவா?” என்றாள்.

அந்தத் தொடரின் அழகே அதுதான். கொலையாளி யார், எப்படிச் செய்தான் என்பதை முதலிலேயே முழுசாகப் பார்த்துவிடுவோம். அதற்கப்புறம்தான் கசங்கிய மழைக்கோட்டோடு, துப்பறியும் போலீஸ்காரர் கொலம்போவாக பீட்டர் ஃபால்க் வந்து நிற்பார். எந்த நூலைப் பிடித்து இவர் எப்படி இழுக்கப்போகிறார் என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி. கிளம்புவது மாதிரி வாசல்வரை போய்விட்டு, திரும்பி இன்னும் ஒரே ஒரு விஷயம் என்பார் பாருங்கள், அந்த இடத்தில் அக்கா ஒவ்வொரு முறையும் “மாட்டினான்” என்பாள். தொடராக வந்த முதல் எபிசோடை இயக்கியது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். அப்போது அவருக்கு வயது 24. அந்தக் காலத்தில் இது வாராவாரம்கூட வந்ததில்லை, வேறு இரண்டு தொடர்களோடு முறைவைத்து மாற்றி மாற்றி ஒளிபரப்பினார்கள். இதைச் சொன்னதும் அக்கா, “அவங்க அத்தனை வாரம் காத்திருந்திருக்காங்க, உனக்கு ஒரு வாரம் பொறுக்கலை” என்றாள். அந்தச் சண்டையைப் பற்றி அவள் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அக்காவுக்கு இடது காது கேட்பது குறைந்துகொண்டு வருகிறது. அவளோடு பார்க்க ஆரம்பித்த பிறகுதான் இப்போதைய தொடர்களில் வசனம் எவ்வளவு அமுங்கிக் கிடக்கிறது என்பதே எனக்கு உறைத்தது. பேச்சு காதில் விழவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால், அடுத்த காட்சியில் வெடிச்சத்தம் வீட்டையே தூக்குகிறது. 5.1 ஒலியில், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பேஸ் ஸ்பீக்கரும் வைத்துக் கேட்கிற முறையில், வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு என்று தனியாகப் பிரித்து வைக்கப்படுகிறது. நம் டிவியில் இருப்பதோ இரண்டு சின்ன ஸ்பீக்கர், அதுவும் மெல்லிய டிவி என்றால் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒலி அமைப்பில் 5.1ஐ மாற்றி ஸ்டீரியோ வைத்துப் பாருங்கள், பல சமயம் பேச்சு தெளிவாகிறது.

சப்டைட்டில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. காது கேளாதவர்களுக்கான சப்டைட்டிலில் பேசுகிறவர் பெயரையும் சேர்த்துப் போடுவார்கள். ஆள் இருட்டில் நிற்கிறார், யாரென்று நாம் தெரிந்துகொள்ளக் கூடாது என்று இயக்குநர் பாடுபட்டு முகத்தை மறைத்திருக்கிறார், கீழே எழுத்தில் பெயர் பளிச்சென்று வந்துவிடுகிறது. ஒருமுறை எங்களுக்கே இது நடந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, “ம்” என்றாள், அவ்வளவுதான். எனக்குத்தான் கோபம் ஆறவில்லை. காது கேட்காதவருக்கு மட்டும் மர்மம் வேண்டாமா? ‘ஓர் ஆண் குரல்’ என்று போட எவ்வளவு நேரம் ஆகும்?

சரி, படத்துக்கு வருகிறேன். ‘12 ஆங்ரி மென்’ 96 நிமிடம். சில நிமிடங்களைத் தவிர மிச்சமெல்லாம் ஒரே அறைக்குள். தகப்பனைக் கொன்றதாக ஒரு பையன்மேல் வழக்கு, 12 ஜூரிகள் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். முக்கால்வாசி ஓடியிருக்கும்போது அக்கா, “இந்த ரூம் சின்னதாயிட்டே வருதுடா” என்றாள். பிரமை என்று நினைத்தேன். அப்புறம் தேடிப் படித்தால், இயக்குநர் சிட்னி லூமெட் அதை வேண்டுமென்றே செய்திருக்கிறார். முதலில் கேமரா கண் மட்டத்துக்கு மேலே, நடுவில் கண் மட்டத்தில், கடைசியில் கீழிருந்து மேல் நோக்கி. அதனால் போகப்போகக் கூரை கண்ணில் பட ஆரம்பிக்கிறது. லென்ஸையும் படிப்படியாக மாற்றிச் சுவர்கள் நெருங்கி வருகிற மாதிரி செய்திருக்கிறார். நான் இந்தப் படத்தை இதற்கு முன் இரண்டு தடவை தனியாகப் பார்த்தவன். எனக்குத் தெரியவே இல்லை. போனில் அக்காவிடம் படித்துக் காட்டியபோது அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். “நான் சொன்னேன்ல” என்று நாலு தடவை சொன்னாள்.

அந்தப் போனை வைப்பதற்கு முன்னால் அவளே கேட்டாள்: “அந்த நோட்டு அப்படியே இருக்கு. முதல்லேர்ந்து பார்க்கலாமா? நீ எல்லாத்தையும் மறந்திருப்பே இல்ல?”

மறந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. “ஞாபகம் இருக்குக்கா” என்றேன்.

“அப்ப வாயை மூடிட்டுப் பாரு. நான் கேட்டாலும் சொல்லாத.”

கையில் இருக்கிற ‘கொலம்போ’ எபிசோட் இந்தச் சனிக்கிழமை முடிகிறது. அடுத்த வாரத்திலிருந்து ‘டார்க்’, முதல் சீசன், முதல் எபிசோட். பென்சிலைச் சீவி வைத்துவிட்டாளாம்.