டிடிஎச் டிஷ்ஷை வைத்து ஒளி வளைவதை அளக்க முடியுமா?

கேள்வி: காசிமேட்டில் இருக்கிறோம். மார்ச் மாதம் சில நாள் பகலில் டிவி படம் சில நிமிடம் போய்விட்டு வருகிறது. சூரியன் ரேடியோ அலையை வளைப்பதால்தானே இப்படி? பழைய டிஷ் ஒன்றும் மாடியில் கிடக்கிறது. பள்ளிக் கண்காட்சிக்கு அந்த வளைவை அளந்து காட்ட முடியுமா?

பதில்: படம் போவது சூரியனால்தான், ஆனால் வளைவால் அல்ல. செயற்கைக்கோள் சுமார் 36,000 கி.மீ. தூரத்தில் இருக்கிறது, சூரியனோ 15 கோடி கி.மீ. உங்கள் சிக்னல் அந்தப் பக்கமே போவதில்லை. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியை ஒட்டியும் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும். அதன் ரேடியோ இரைச்சலில் சிக்னல் அமுங்கிப்போகும், அவ்வளவுதான். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். (உப்புக்காற்றில் துருப்பிடித்த கிளாம்ப் வேறு கதை.)

சூரியனின் ஈர்ப்பால், அதன் விளிம்பை உரசி வரும் கதிர் வளைவது 1.75 ஆர்க் செகண்ட். ஒரு டிகிரியில் 3,600 ஆர்க் செகண்ட் உண்டு. 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலமே ஏறக்குறைய 3 டிகிரி. ஆறாயிரம் மடங்கு மொண்ணை!

விஞ்ஞானிகள் தூரதூரமாக வைத்த ஆன்டெனாக்களை இணைத்து அளக்கிறார்கள். 3சி 279 என்ற குவாசரை (வெகு தொலைவிலிருந்து ரேடியோ அலை வீசும் பிரகாசமான கேலக்ஸி மையம்) ஆண்டுதோறும் அக்டோபர் 8 வாக்கில் சூரியன் மறைக்கும். 1969-ல் கலிபோர்னியாவில் அதை வைத்தே அளந்தார்கள். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. சூரியனைச் சுற்றியுள்ள கரோனா என்ற வெளி மண்டலத்தின் பிளாஸ்மாவும் (மின்னூட்டம் கொண்ட வாயு) ரேடியோ அலையை வளைக்கும். ஆனால் அலைவெண் கூடக்கூட அந்த வளைவு குறையும். ஈர்ப்பால் வரும் வளைவு மாறவே மாறாது. அதனால் ஃபோமலான்ட், ஸ்ராமெக் என்ற வானியலாளர்கள் இருவரும் 1974, 75-ல் அமெரிக்காவின் கிரீன் பேங்க் ஆய்வகத்தில் 2.7, 8.1 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் ஒரே நேரத்தில் பார்த்து, பிளாஸ்மாவின் பங்கைக் கழித்தார்கள். மிச்சம், ஐன்ஸ்டீன் கணக்கோடு சுமார் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போனது. எனக்கு, நட்சத்திர ஒளி வளைவதை முதலில் காட்டிய 1919 கிரகணப் படங்களைவிட இதுதான் பிடிக்கும்.

டெலஸ்கோப் வழியும் இருக்கிறது. 2017 கிரகணத்தில் டான் ப்ரன்ஸ் என்பவர் 4 அங்குல டெலஸ்கோப்பிலேயே அளந்துவிட்டார். ஆனால் அதற்கு முழு கிரகணம் வேண்டும். பாதி மறைந்தால் பக்கத்து நட்சத்திரம் தெரியாது.

சரி, கண்காட்சிக்கு என்ன செய்யலாம்? செட்டாப் பாக்ஸுக்கும் எல்.என்.பி.க்கும் (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் பகுதி) நடுவில், சிக்னல் பலத்தை முள்ளால் காட்டும் சாட்டிலைட் ஃபைண்டர் மீட்டரைப் போடுங்கள். சூரியன் பக்கம் டிஷ்ஷைத் திருப்பி முள் உச்சிக்குப் போனதும், இன்னும் கொஞ்சம் மேற்கே தள்ளி இறுக்கிவிடுங்கள். முள் ஏறி இறங்கும் நேரத்தைக் குறியுங்கள். 4 நிமிடத்துக்கு 1 டிகிரி என்று வைத்தால் டிஷ்ஷின் பார்வை அகலம் கிடைக்கும், பக்கத்திலேயே 1.75 ஆர்க் செகண்டையும் எழுதி வையுங்கள். பிள்ளைகள் சூரியனைக் கண்ணால் பார்த்துக் குறிவைக்க வேண்டாம், முள்ளைப் பார்த்தே திருப்பட்டும்.