அரங்கேற்றத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், தங்கச்சி

அன்புத் தங்கச்சி,

உங்கள் கேள்வியை முதலில் இரண்டு வரியில் எழுதிவிடுகிறேன். வேறு பெற்றோருக்கும் உதவக்கூடும். மட்டக்களப்புக் களுவாஞ்சிகுடியில் இருந்து கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து நான்கு வருடம். ஊரில் நாடகமும் அரங்கியலும் படித்த மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நடிப்புப் படிப்புக்கு ஒடிஷன் கொடுத்து மூன்று இடத்தில் கிடைத்திருக்கிறது: ஜோர்ஜ் பிரவுன் கல்லூரியின் மூன்று வருட டிப்ளோமா, ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகத்தின் நான்கு வருடப் பட்டம், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மிசிசாகா வளாகமும் ஷெரிடன் கல்லூரியும் சேர்ந்து நடத்தும் படிப்பு. மூன்று வளாகத்தையும் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டீர்கள். எல்லாம் நல்லதாகத்தான் தெரிகிறது, எதை எடுப்பது, மகளின் தகப்பனுக்கு இந்தப் படிப்பிலேயே மனமில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

நான் இப்போது மட்டக்களப்பில், கன்னன்குடாவில் இருக்கிறேன். சித்திரை வருடப்பிறப்புக்கு வந்தேன். பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்துவிட்டது, இரவில் கூத்துப் பழகுகிறார்கள். நேற்றுப் பத்து மணிக்குப் போய் ஒரு மணி வரை இருந்தேன். பதினேழு வயதுப் பொடியன் ஒருவனுக்கு வரவுத் தருவில், அதாவது பாத்திரம் மேடைக்கு வரும்போது ஆடும் பாட்டில், கால் பிந்திக்கொண்டே இருந்தது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தி, எழுந்து வந்து, அவனுக்குப் பக்கத்தில் நின்று தானும் ஆடிக் காட்டினார். ஏழெட்டுத் தரம். பார்க்க ஆள் இல்லை, உடுப்பு இல்லை, சதங்கைகூட இன்னும் கட்டவில்லை. எட்டாவது தரம் பொடியனின் கால் தாளத்தில் விழுந்தது. அப்போது உங்கள் கடிதம்தான் நினைவுக்கு வந்தது. வளாகச் சுற்றுலாவில் உங்களுக்குக் காட்டியது அரங்கேற்றம். நீங்கள் இனிமேல் போய்ப் பார்க்க வேண்டியது பழக்கத்தை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் மூத்தவள் உங்கள் மகளைப் போலத்தான். அவளை ஒரு வளாகத்துக்குக் கூட்டிப்போனோம், பெயரைச் சொல்ல விரும்பவில்லை. பெரிய அரங்கு, சிவப்புக் கதிரைகள், மேலே வரிசை வரிசையாக விளக்குகள். நடுமேடையில் நின்று பார்க்கச் சொன்னார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் நானும் இவரும் அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டோம். முதல் வருடம் முழுக்க அவள் அந்த மேடையில் கால் வைக்கவில்லை. நடிப்பு வகுப்பு கிழமைக்கு இரண்டு தரம், மற்றதெல்லாம் பெரிய மண்டபத்தில் விரிவுரை. வருட முடிவில் திரும்பவும் ஒரு தெரிவு வைத்தார்கள். நடிப்புப் பிரிவில் தொடர்வதற்கு அவளை எடுக்கவில்லை. அப்படி ஒரு தெரிவு உண்டு என்று கைநூலில் எழுதித்தான் இருந்தது. கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. பிள்ளை இரண்டு கிழமை அறையை விட்டு வெளியே வரவில்லை. அடுத்த வருடம் வேறொரு சிறிய இடத்துக்கு ஒடிஷன் கொடுத்தாள். சுவரில் மை உரிந்திருக்கும், கண்ணாடி வெடித்த பயிற்சி அறை. அங்கே ஒரு ஆசிரியை அவளுடைய மூச்சைச் சரிசெய்யவே மூன்று மாதம் எடுத்தார். இன்று அவள் மேடையில் பேசினால் கடைசி வரிசைக்குக் கேட்கிறது, அது அந்த மூன்று மாதத்தின் பலன்.

ஆகையால் மகளுக்குக் கிடைத்த மூன்று இடத்துக்கும் மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள்: "ஒரு நாள் முதலாம் வருட வகுப்பில் ஓரமாக இருந்து பார்க்கலாமா?" பல இடங்களில் விடுவார்கள். விடாவிட்டால் இப்போது படிக்கும் மாணவர் ஒருவருடன் கதைக்கக் கேளுங்கள். சுற்றிக் காட்டுவதற்கென்று நிறுத்திய பிள்ளை வேண்டாம், இரண்டாம் வருடத்தில் களைத்துப்போய் இருக்கிற பிள்ளை வேண்டும். அந்தப் பிள்ளையிடம் கேட்க வேண்டியது: ஒரு வகுப்பில் எத்தனை பேர், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் உடம்பாலும் குரலாலும் வேலை செய்கிறீர்கள், இடையில் யாரையும் நிறுத்துவார்களா, எத்தனை பேர் தொடங்கி எத்தனை பேர் முடிக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொள்ளும்படி ஒரு பாத்திரமாவது கிடைக்கிறதா. ஒடிஷனில் இருந்த ஆசிரியர்கள்தான் வகுப்பும் எடுக்கிறார்களா என்பதையும் கேட்க வேண்டும்.

அப்புறம், ஒடிஷன் அறையில் நடந்ததை மகளிடம் ஆறுதலாக இருந்து கேளுங்கள். பழைய நாடகம் ஒன்று, புதியது ஒன்று என்று இரண்டு மொனொலோக் (தனி ஆளாகப் பேசி நடிக்கும் பகுதி) செய்திருப்பாள். பழையது பெரும்பாலும் சேக்ஸ்பியராகத்தான் இருந்திருக்கும். அது முடிந்த பிறகு என்ன நடந்தது? "நன்றி, போகலாம்" என்றார்களா, அல்லது "இதையே தங்கச்சிக்கு இரகசியம் சொல்வது போலச் சொல்லிக் காட்டு" என்று திரும்பச் செய்யவிட்டார்களா? திரும்பச் செய்யவிட்டவர்கள் அவளோடு வேலை செய்து பார்த்திருக்கிறார்கள். ஒரு இடத்தில் பாடச் சொன்னபோது அவள் வடமோடிக் கூத்தின் வரவுப் பாட்டு ஒன்றைப் பாடினாள் என்றும், அவர்கள் எழுந்து நின்று "ஆட்டத்தோடு செய்து காட்டு" என்று கேட்டார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அது எந்த இடம் என்று எழுதவில்லை. எனக்கு அது பெரிய விஷயம், தங்கச்சி. மட்டக்களப்புப் பிள்ளை கொண்டுவந்த ஆட்டத்தையும் குரலையும் பார்த்து ஆசைப்பட்ட ஆசிரியர் அங்கே இருக்கிறார். மற்ற எல்லாம் சமமாக இருந்தால் நான் அந்த இடத்துக்குத்தான் கை நீட்டுவேன்.

இதோடு சேர்ந்ததுதான் உச்சரிப்பும். ஆங்கிலத்தில் எங்கள் ஊர்ச் சாயல் இருப்பதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று மகள் நேரே கேட்க வேண்டும். தேவையான இடத்தில் கனடிய உச்சரிப்பையும் பேசப் பழக்குகிறோம், உன்னுடையதும் உன்னிடம் இருக்கட்டும் என்பது ஒரு பதில். முதலில் அதை அகற்ற வேண்டும் என்பது இன்னொரு பதில். இரண்டாவதைச் சொல்லும் இடத்துக்கு என் பிள்ளையை அனுப்பமாட்டேன்.

இனி வீட்டுக் கணக்கு. நீங்கள் நிரந்தர வதிவிடம் பெற்றவர்கள் என்பதால் மகள் உள்ளூர்க் கட்டணம்தான் கட்டுவாள், ஓசாப் என்ற ஒன்ராறியோ அரசின் மாணவர் உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். கல்லூரி டிப்ளோமாவின் வருடக் கட்டணம் பல்கலைக்கழகத்தைவிடக் குறைவு. ஆனால் கட்டணத்தைவிட முக்கியமான ஒன்றைப் பலர் யோசிப்பதில்லை. இந்தப் படிப்புகளில் காலையில் வகுப்பு, பின்னேரம் வகுப்பு, ஒத்திகைக் காலத்தில் இரவு பத்து மணி வரை வேலை. எங்கள் பிள்ளைகள் ரிம் ஹோர்ட்டன்ஸிலும் கடைகளிலும் பகுதிநேரம் செய்து வீட்டுக்குக் கை கொடுக்கிறார்களே, அது தவணைக் காலத்தில் நடக்காது. கோடை விடுமுறையில்தான் உழைக்கலாம். இதை இப்போதே வீட்டில் கதைத்து முடிவெடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் மாதத்தில் பிள்ளைக்கும் தகப்பனுக்கும் இடையில் சண்டை வரும்.

பயணமும் அப்படித்தான். 2023 ஜூலையில் ஸ்காபரோ ஆர்.ரி. ரெயின் நின்ற பிறகு உங்கள் பக்கத்தில் இருந்து நகரத்துக்குப் போவதே பஸ் மாறிப் போகிற வேலை. மிசிசாகாவுக்கும் ஷெரிடன் இருக்கும் ஓக்விலுக்கும் என்றால் ஒரு பக்கம் இரண்டு மணித்தியாலம் ஆகிவிடும். மூன்றாவது படிப்பில் இரண்டு வளாகத்திலும் வகுப்பு இருக்கும். அதை எடுப்பதென்றால் அங்கே அறை எடுத்துக் கொடுக்க வேண்டும், அந்த வாடகையையும் கட்டணத்தோடு கூட்டிப் பாருங்கள். இரவு பதினொன்றரைக்கு பெப்ரவரிக் குளிரில் பிள்ளை பஸ் தரிப்பில் நிற்கும் நாள்கள் வரும். நகரத்தில் உள்ள இரண்டு இடத்துக்கும் மகளோடு ஒரு தரம் இரவில் போய், கடைசி பஸ்ஸில் திரும்பி வந்து பாருங்கள்.

பட்டமா டிப்ளோமாவா என்பதில் உங்களவருக்குச் சொல்லக்கூடிய ஒரு உறுதியான விஷயம் உண்டு. ஒன்ராறியோவில் பாடசாலை ஆசிரியராக வரப் பொதுவாக ஒரு பட்டமும் வேண்டும், கல்வியியலும் படிக்க வேண்டும். நாடக ஆசிரியராக வரும் வழியைத் திறந்து வைக்க விரும்பினால் நான்கு வருடப் படிப்புகள் அதற்கு உதவும். மிசிசாகாப் படிப்பில் பட்டமும் டிப்ளோமாவும் இரண்டும் கிடைக்கும். மூன்று வருட டிப்ளோமாவோ நடிப்பை மட்டுமே பிடித்து உழைக்க நினைக்கிற பிள்ளைக்கு நேரான வழி, ஒரு வருடம் முந்தியே தொழிலுக்குள் போய்விடலாம். உங்கள் மகள் எந்த வகை என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

உங்களவரிடம் நடிகை மைத்ரேயி ராமகிருஷ்ணனைக் காட்டி நம்பிக்கை கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மிசிசாகாவில் வளர்ந்த எங்கள் பிள்ளை, 2019 இல் 15,000 பேரில் ஒருவராகத் தெரிவாகி நெற்ஃபிளிக்ஸ் தொடரில் நடித்தவர். எனக்கும் அவரை நினைத்தால் நெஞ்சு நிறையும். ஆனால் அவரைக் காட்டி வாதாடாதீர்கள். அந்த அதிர்ஷ்டம் வராத வருடங்களில் பிள்ளை எப்படி வாழ்வாள் என்பதுதான் தகப்பனின் கேள்வி. அதற்கு நேர்மையான பதில்: இங்கே பெரும்பாலான நடிகர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. என் மகள் மேடை இல்லாத மாதங்களில் பாடசாலைகளில் நாடகப் பட்டறை நடத்துகிறாள். நேற்று இரவு ஆடிக் காட்டிய அண்ணாவியாரும் விடியக் காலையில் வயலுக்குப் போகிறவர்தான். அவரைக் கண்டால் ஊரே எழும்பி இடம் விடுகிறது.

உங்களவரும் மட்டக்களப்பில் தேத்தாத்தீவு ஊர்க்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்லுங்கள். சிறு வயதில் மட்டக்களப்பில் கூத்துப் பார்த்து வளர்ந்து, பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் தயாரித்த கூத்துகளில் ஆடிய மௌனகுரு, பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கல்லடியில் விபுலானந்தர் பெயரில் இருக்கும் அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் இன்று நாடகம் பட்டப்படிப்பு. ஊரே மதித்துப் படிப்பிக்கிற ஒன்றைக் கனடாவில் எங்கள் வீட்டுக்குள் ஏன் தாழ்வாக நினைக்க வேண்டும்? இதை மகள் சொன்னால் அவருக்குக் கோபம் வரும், நீங்கள் சொல்லுங்கள்.

கல்லூரிக்கு மே 1 க்குள் பதில் கொடுக்க வேண்டியிருக்கும். பல்கலைக்கழகங்கள் பொதுவாக இன்னும் கொஞ்சம் நாள் தரும், என்றாலும் மூன்று கடிதத்திலும் உள்ள திகதியை எடுத்து எழுதி வையுங்கள். வகுப்பில் இருந்து பார்க்கக் கேட்கும் மின்னஞ்சலை மகள் இன்றைக்கே அனுப்பட்டும். நான் 24 ஆம் திகதி ரொறன்ரோ வருகிறேன். எந்த இடத்தில் விடுகிறார்களோ அங்கே நானும் உங்களோடு வருகிறேன். வரவு பாடவிட்டது எந்த இடம் என்று மட்டும் அதற்குள் எனக்கு எழுதுங்கள்.