நானோ துளைச் சவ்வுகளும் சுவரின் மின்னூட்டமும்: கேள்வி பதில்

கேள்வி: துளை அயனியைவிடப் பெரிதாக இருந்தும், நீரை வடிகட்டும் நானோ துளைச் சவ்வு உப்பைத் தடுப்பது எப்படி?

பதில்: துளையை வெறும் சல்லடைக் கண்ணாக எண்ணுவதால்தான் இந்தக் குழப்பம் எழுகிறது. துளையின் சுவரில் எதிர்மின்னூட்டம் பதிந்திருந்தால், அதைச் சமன்செய்ய சோடியம் போன்ற நேரயனிகள் (நேர்மின்னூட்ட அயனிகள்) துளைக்குள் திரள்கின்றன; குளோரைடு போன்ற எதிரயனிகள் (எதிர்மின்னூட்ட அயனிகள்) விலக்கப்படுகின்றன. எதிரயனிகள் நுழையாதபோது, மின்நடுநிலை, அதாவது நேர், எதிர் மின்னூட்டங்களின் சமன், குலையக் கூடாது என்பதால், அவற்றுடன் வந்த நேரயனிகளும் வெளியிலேயே தங்கிவிடுகின்றன. இதற்கு அடிப்படையான சமநிலையை ஃபிரெடரிக் டோனன் 1911-இல் வகுத்தார்.

கேள்வி: நீர்த்த கரைசலில் நன்றாகப் பிரிக்கும் சவ்வு, உப்பு கூடியதும் தளர்வது ஏன்?

பதில்: சுவர் மின்னூட்டத்தின் செல்வாக்கு எவ்வளவு தூரம் எட்டும் என்பதைக் கரைசல்தான் தீர்மானிக்கிறது. டிபை நீளம் எனப்படும் அத்தூரம், சோடியம் குளோரைடு கரைசலில் 0.001 மோலார் செறிவில் ஏறத்தாழ 10 நானோமீட்டர், 0.1 மோலாரில் 1 நானோமீட்டர், கடல்நீரில் 0.4 நானோமீட்டர் மட்டுமே. 10 நானோமீட்டர் விட்டமுள்ள துளையொன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் கரைசலில் அதன் நடுப்பகுதி வரை சுவரின் ஆட்சி நடக்கிறது, இரண்டாவதில் சுவரையொட்டிய மெல்லிய படலத்தோடு அது முடிந்துவிடுவதால், குளோரைடு நடுவழியே தடையின்றிச் செல்கிறது. 1 நானோமீட்டர் அளவுள்ள குறுகிய துளைகளிலோ, துளைக்குள் பதிந்த மின்னூட்டத்தின் செறிவை வெளியிலுள்ள உப்பின் செறிவு நெருங்கும்போது விலக்கம் வலுவிழக்கிறது. ஆகவே நீர்த்த கரைசலில் மட்டும் சோதித்துவிட்டுச் சவ்வைப் பாராட்டுவதை நான் ஏற்பதில்லை.

கேள்வி: ஒரே சவ்வு சல்பேட்டைத் தடுத்துக் குளோரைடை விடுவது எதனால்?

பதில்: இரட்டை மின்னூட்டம் கொண்ட சல்பேட்டை எதிர்மின்னூட்டச் சுவர் மிக வலுவாக விலக்குகிறது, அதன் நீரேறிய உருவமும் பெரியது. இரண்டு உப்புகளும் கலந்த கரைசலில், சல்பேட்டுக்குத் துணையாக நிறைந்திருக்கும் சோடியம் சவ்வைக் கடக்க முயலும்போது, நடுநிலையைக் காக்கக் குளோரைடையும் இழுத்துச் செல்கிறது. சில வேளைகளில் மூலக் கரைசலில் இருந்ததைவிட வடிந்த நீரில் குளோரைடின் செறிவு கூடுதலாக இருப்பதும் உண்டு. முதல்முறை காண்பவர் அளவீட்டுப் பிழை என்றே நினைப்பார்.

கேள்வி: கரைசலின் அமில-கார அளவான பி.எச். மாறினால் என்ன ஆகும்?

பதில்: பாலிஅமைடு என்ற பலபடியாலான சவ்வில் கார்பாக்சில் என்னும் அமிலத் தொகுதிகள் புரோட்டானை இழப்பதால்தான் எதிர்மின்னூட்டம் உண்டாகிறது. அமிலத்தன்மை கூடும்போது அது குறைந்து, ஒரு புள்ளியில் சுழியாகி, அதற்குக் கீழே அமீன் தொகுதிகளால் நேர்மின்னூட்டமாகவும் மாறலாம். கால்சியம் அயனிகள் கார்பாக்சிலோடு பிணைந்தாலும் மின்னூட்டம் தணியும்.

கேள்வி: லித்தியத்தை மக்னீசியத்திலிருந்து பிரிக்க நேர்மின்னூட்டச் சவ்வே ஏற்றதா?

பதில்: ஆம். இரட்டை நேர்மின்னூட்டமுள்ள மக்னீசியத்தை அது லித்தியத்தைவிடக் கடுமையாக விலக்கும். மக்னீசியத்தின் நீருறை பெரியது என்பதும் துணைபுரிகிறது. ஆனால் லித்தியம் எடுக்கப்படும் உப்புக் குளங்களின் நீர் மிகச் செறிவானது என்பதால், முன்னே சொன்ன தளர்ச்சி இங்கும் தலைகாட்டும்.

கேள்வி: சவ்வின் மின்னூட்டத்தை அறிய, அதன் பரப்பையொட்டிய சீட்டா மின்னழுத்தத்தை அளந்தால் போதுமா?

பதில்: போதாது. கரைசலைப் பரப்பையொட்டி ஓடவிட்டு அதை அளக்கும் ஓட்ட மின்னழுத்த முறை பெரும்பாலும் சவ்வின் வெளிப்பரப்பையே காட்டுகிறது. துளைக்குள் உள்ள மின்னூட்டம் அதிலிருந்து வேறுபடலாம். நீங்கள் பிரிக்கப்போகும் அதே கரைசலை, அதே பி.எச். மதிப்பில் செலுத்தி, ஒவ்வோர் அயனியின் விலக்கத்தையும் தனித்தனியே அளந்து பாருங்கள்.