வெயிலும் வெள்ளைத் தூளும்: கேள்வி பதில்

மட்டக்களப்பில் ஒளியூக்கி (ஒளி பட்டால் வினையை வேகப்படுத்தும் பொருள்) ஆய்வு செய்பவன் நான். கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள். கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறிக்கிறேன்.

மருதமுனை: அண்ணே, கைத்தறிச் சாயத் தண்ணீரில் தைத்தானியம் ஈரொட்சைட்டுத் தூளைப் போட்டு வெயிலில் வைத்தால் சுத்தமாகுமா?

ஆகும், ஆனால் வாளியில் கொட்டிவிட்டுப் போனால் ஆகாது. இந்தத் தூளுக்கு அலைநீளம் சுமார் 387 நனோமீற்றருக்குக் குறைந்த கழியூதா ஒளி வேண்டும். வெயிலில் அது 100க்கு நாலைந்து பங்குதான். அந்த ஒளி பட்டால் தூளின் மேற்பரப்பில் இலத்திரனும் அது விட்டுப்போன வெற்றிடமான துளையும் பிரியும். அவை தண்ணீரோடும் ஒட்சிசனோடும் சேர்ந்து உண்டாக்கும் மூலிகங்கள் என்ற தீவிரமாக வினைபுரியும் துணிக்கைகள்தான் சாயத்தை உடைக்கின்றன. கடுஞ்சிவப்புத் தண்ணீருக்குள் ஒளி ஆழமாக இறங்காது. ஐதாக்கி, அகலத் தட்டில் பரப்பி, கலக்கிக்கொண்டே இருங்கள். சாயம் பிடிக்கப் போடும் உப்பு வேறு இடைஞ்சல், அதிலுள்ள குளோரைட்டு மூலிகங்களைப் பிடித்துக்கொள்ளும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: நிறம் போவது வேறு, அழுக்குப் போவது வேறு.

களுவாஞ்சிக்குடி: வாவித் தண்ணீருக்கு?

உப்புத் தண்ணீர். மேலே பாருங்கள்.

ஏறாவூர்: வெள்ளைப் பெயின்ற்றிலும் இதே பொருள்தானே?

நல்ல கேள்வி. ஆனால் அந்த மணிகளுக்குச் சிலிக்கா, அலுமினா உறை போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் வெயிலில் பெயின்ற்றையே அது தின்றுவிடும். பழைய சுவரைத் தடவினால் கையில் மா ஒட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாணவி, வந்தாறுமூலை: புல்மோட்டை மணலை அப்படியே போடலாமா சேர்?

இல்லை தங்கச்சி. அந்த மணலிலுள்ள இல்மனைற்று என்ற கனிமத்தில் தைத்தானியத்தோடு இரும்பும் சேர்ந்திருக்கிறது, பிரித்தெடுக்க வேண்டும்.

வாழைச்சேனை: தண்ணீரிலிருந்து ஐதரசன்?

1972இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் புஜிஷிமாவும் ஹொண்டாவும் ஒளியால் தண்ணீரைப் பிரித்துக் காட்டினார்கள். 2021இல் ஜப்பானில் 100 சதுர மீற்றர் பரப்பில் செய்து வெளியிட்டார்கள், வெயிலின் சக்தியில் ஐதரசனாக மாறியது உச்சமாக 0.76 சதவீதம்தான். அடுப்பெரிக்க இன்னும் காலம் இருக்கிறது.

அக்கரைப்பற்று: கிணற்றுத் தண்ணீரில் தூளைப் போட்டுக் குடிக்கலாமா?

வேண்டாம். இந்த நுண்தூளைத் துணியால் வடிக்க முடியாது. கிருமிக்குப் பயம் என்றால், கலங்கலில்லாத தண்ணீரைத் தெளிந்த பிளாத்திக்குப் போத்தலில் 6 மணித்தியாலம் நல்ல வெயிலில் வையுங்கள், முகில் என்றால் 2 நாள். தண்ணீரில் கலந்த பூச்சிநாசினிக்கும் உரத்துக்கும் இது மருந்தல்ல.

மருதமுனை: மூன்று நாளில் என் வாளி தெளிந்துவிட்டதே!

இருட்டில் இன்னொரு வாளி வைத்தீர்களா?

மருதமுனை: எதற்கு? கண்ணுக்குத் தெரிகிறதே.

காத்தான்குடி: தெளிந்தால் போதாதா? ஏன் பெடியனைப் பயப்படுத்துகிறீர்கள்?

பயப்படுத்தவில்லை. என் முதல் பரிசோதனையில் மெதிலீன் நீலம் என்ற சாயம் வெளிறியது, சந்தோஷத்தில் எல்லாருக்கும் காட்டினேன். அப்புறம் முகவையைச் சரித்தேன். அடியில் படிந்த தூள் நீலமாக இருந்தது. சாயம் உடையவில்லை, தூளில் ஒட்டியிருந்தது. அதனால்தான் இருட்டு வாளி கேட்கிறேன், அதுவும் வெளிறினால் அது ஒளியின் வேலையல்ல. உடைந்தாலும் முழுதாக உடைந்ததா என்று கண் சொல்லாது, தண்ணீரில் மிச்சமிருக்கும் மொத்தச் சேதனக் காபனை (சேதனப் பொருள்களிலுள்ள காபன்) அளக்க வேண்டும்.

வாழைச்சேனை: அப்படியென்றால் வாவியில்...

உப்பு. சொல்லிவிட்டேன்.

மருதமுனை: அண்ணே, இருட்டு வாளியும் வெளிறிவிட்டது. அடியில் தூள் சிவப்பு.

சரி. அந்தத் தூளைக் கானில் கொட்டாதீர்கள். தெளிவை இறுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் கலக்கி, தட்டில் பரப்பி வெயிலில் வையுங்கள். தூள் வெள்ளையாகத் திரும்புகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.