பிரிட்னியைத் திட்டினால் எனக்கு ஏன் வலிக்கிறது?

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 36. ஸ்கூல் நாட்களிலிருந்தே பிரிட்னி ஸ்பியர்ஸ் பாட்டு என்றால் உயிர். அண்ணன் வாங்கி வந்த ‘பேபி ஒன் மோர் டைம்’ கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவள் நான். இப்போது அவர் வீட்டில் ஆடி இன்ஸ்டாகிராமில் போடும் வீடியோக்களுக்குக் கீழே ‘முத்திப்போச்சு’, ‘மறுபடியும் அப்பா பொறுப்பிலேயே விடுங்கள்’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். ராத்திரி குழந்தைகள் தூங்கியதும் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் சண்டை போடுகிறேன். நெஞ்சு படபடக்கிறது, அழுகை வருகிறது. “யாரோ ஒரு அமெரிக்கக்காரிக்காக ஏன் இப்படி?” என்கிறார் கணவர்.

இன்னொன்று. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு பல மாதம் யாரோடும் பேசப் பிடிக்காமல், குழந்தையைத் தூக்கவும் பிடிக்காமல் கிடந்தேன். காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள். இப்போதும் கொஞ்சம் குரலை உயர்த்தினால், “மறுபடி ஆரம்பிச்சிட்டா” என்கிறார் மாமியார். எனக்கு ஏதாவது பிரச்னையா?

— ஈரோடு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

‘இன்னொன்று’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2007 பிப்ரவரியில் பிரிட்னி தலையை மழித்துக்கொண்டபோது அவருக்கு 25 வயது. கையில் இரண்டு சின்னக் குழந்தைகள், நடுவில் விவாகரத்து வழக்கு, போகுமிடமெல்லாம் துரத்தும் கேமராக்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு தன்னை வாட்டியதை 2023-ல் வெளியான சுயசரிதையில் அவரே சொல்கிறார். அன்று பலருக்கு அது வேடிக்கைச் செய்தி. 2008-ல் கோர்ட் அவரைத் தந்தையின் பொறுப்பில் விட்டது. அந்தக் கட்டுப்பாடு 13 வருடம் நீடித்தது. அதே காலத்தில்தான் ஆல்பம் போட்டார், லாஸ் வேகாஸ் மேடையில் வருடக்கணக்கில் ஆடினார். இன்னொரு குழந்தை வேண்டும் என்றாலும் கருத்தடைச் சாதனத்தை எடுக்க விடவில்லை என்று 2021 ஜூனில் அவர் நீதிபதியிடம் சொன்னதைப் படித்தபோது எனக்கும் வயிறு கலங்கியது. அந்த நவம்பரில் விடுதலை கிடைத்தது.

ஒரு தடவை மனம் நலிந்தவர் அதற்குப் பிறகு ஆடினாலும் கோபப்பட்டாலும் சிலர் கண்ணுக்கு அது நோயாகவே தெரிகிறது. ‘அப்பா பொறுப்பிலேயே விடுங்கள்’ என்பதும் உங்கள் மாமியார் சொல்வதும் உங்கள் காதில் ஒன்றாகத்தான் விழுகின்றன. வீட்டில் கேட்க முடியாத கேள்வியை முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நேரில் பரிசோதிக்காத பிரபலத்தின் மனநிலை பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லேயே விதி வைத்தது. டாக்டருக்கே அப்படியென்றால் வீடியோ பார்ப்பவர்களுக்கு என்ன உரிமை? ஆனால் ‘அவர் நன்றாகத்தான் இருக்கிறார்’ என்று வாதாடவும் நம்மிடம் ஆதாரமில்லை. அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். பாட்டை விடவே வேண்டாம். கருத்துப் பகுதியை மட்டும் மூடிவிடுங்கள்.

கணவர் ‘ஏன் இப்படி?’ என்றாரே, அதற்குப் பதில் சொல்லுங்கள். அந்த மாதங்களில் என்ன பட்டீர்கள், யார் எந்த வார்த்தை சொன்னால் வலிக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு சிகிச்சையில் சரியாகக்கூடிய நோய் என்பதை மாமியாரிடம் கணவரே பேசட்டும். அன்று உங்களுக்குச் சிகிச்சை கிடைத்ததாகத் தெரியவில்லை. அதனால் ஒருமுறை மனநல மருத்துவரைப் பாருங்கள், கணவரையும் கூட்டிப்போங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416; எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.