கொரோனா டைம்ல நின்னுபோன இசிடி, அம்மாவுக்கு இப்போ திரும்ப வைக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயசு, கடுமையான டிப்ரஷன். 2019ல இசிடி (மயக்கம் குடுத்து தலையில கொஞ்சமா கரண்ட் வைக்கற சிகிச்சை) வச்சு நல்லாயிட்டாங்க, அப்புறம் மாசம் ஒண்ணு வச்சுட்டு வந்தோம். 2020 லாக்டவுன்ல ஆஸ்பத்திரில நிறுத்திட்டாங்க, கொஞ்ச மாசத்துலயே திரும்ப படுத்துட்டாங்க. மாத்திரையில ஓரளவு தேறினாங்க. இப்போ மறுபடி சாப்பாடு, பேச்சு குறைஞ்சுடுச்சு, டாக்டர் இசிடி வேணும்ங்கறார். "ஆபத்துன்னுதானே அப்போ நிறுத்தினாங்க"ன்னு அண்ணன் தடுக்கறார். என்ன செய்யறது டாக்டர்?

பதில்: உங்க அண்ணன் பயப்படறது அம்மா மேல உள்ள பாசத்துலதான், ஆனா நிறுத்தின காரணம் அவர் நினைக்கறது இல்லம்மா. அப்போ பிரச்சனை கரண்ட் இல்ல, மூச்சு. மயக்க மருந்து குடுத்து, தசை தளர்றதுக்கு சக்சினைல்கோலின் ஊசி போட்டுத்தான் இசிடி வைப்போம், அந்த சில நிமிஷம் பேஷன்ட் தானா மூச்சு விட முடியாது, அதனால மயக்க டாக்டர் தலைமாட்டுல நின்னு முகத்துல மாஸ்க்கை அழுத்திப் பிடிச்சு பையை அமுக்கி ஆக்ஸிஜன் குடுப்பார். மாஸ்க் ஓரமா கசியற காத்துல வைரஸ் இருந்தா ரூம்ல நிக்கற அத்தனை பேருக்கும் பரவும். அதுவும் அதே ரூம்ல காலையில வரிசையா அடுத்தடுத்த பேஷன்ட். இதோட மயக்க டாக்டர்களை கொரோனா ஐசியூவுக்கு அனுப்பிட்டாங்க, பிபிஇ கிட் தட்டுப்பாடு, பஸ் ஓடல.

அவசரமில்லாத ஆபரேஷன் எல்லாம் தள்ளிப்போட்டப்போ பல இடத்துல இசிடியையும் அந்த லிஸ்ட்ல சேர்த்துட்டாங்க. இதை என்னால இன்னிக்கும் ஏத்துக்க முடியல. தண்ணி கூட குடிக்காம கல்லு மாதிரி படுத்திருக்கற கேட்டடோனியா பேஷன்ட்டுக்கும் சாகணும்னே இருக்கறவங்களுக்கும் இது உயிர் காக்கற சிகிச்சை, தள்ளிப்போட முடியாது. முழுசா நிறுத்தாத இடங்களும் இருந்துச்சு, முன்னாடியே ஆர்டிபிசிஆர் எடுத்து, மாஸ்க்குக்கும் பைக்கும் நடுவுல ஃபில்டர் போட்டு, மயக்கத்துக்கு முன்னாடியே சில நிமிஷம் நல்லா ஆக்ஸிஜன் குடுத்து பை அமுக்கறதைக் குறைச்சு செஞ்சாங்க. ஆனா அங்கயும் அவசர கேஸ்தான் முதல்ல, மாசாமாசம் வர்றவங்களை "நல்லாத்தானே இருக்காங்க"ன்னு தள்ளி வச்சாங்க. அந்த மாசாந்திர இசிடிதான் அவங்களை நல்லா வச்சிருந்துச்சு! அது நின்னதும் உங்கம்மா மாதிரி திரும்ப விழுந்தவங்க பல நாட்டுலயும் உண்டு.

அதனால தாராளமா வைக்கலாம். போன தடவை நல்லா கேட்டிருக்கறதால இந்த தடவையும் கேக்க வாய்ப்பு அதிகம். பொதுவா வாரத்துக்கு ரெண்டு மூணுன்னு மொத்தம் 6லிருந்து 12 வரைக்கும் வைப்பாங்க. தலைவலி, உடம்பு வலி, கொஞ்ச நேர குழப்பம் வரும். அந்த வாரங்கள்ல நடந்தது மறந்துபோகலாம், பெரும்பாலும் திரும்பிடும், சிலது திரும்பாம போறதும் உண்டு, அதை அண்ணன்கிட்டயும் மறைக்காம சொல்லிடுங்க. எப்பவோ கொரோனா வந்துபோனது தடையில்ல, ஆனா அதுல நுரையீரலோ இதயமோ பாதிச்சிருந்தாலும் இப்போ காய்ச்சல், இருமல் இருந்தாலும் மயக்க டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும். மயக்கமும் தசை தளர்த்தற மருந்தும் இல்லாம இசிடி வைக்கறதை 2017 மனநல பராமரிப்புச் சட்டமே தடை செஞ்சிருக்கு, அந்த பயமும் வேண்டாம்.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, இந்த கோர்ஸ் முடிஞ்சதும் மாசாந்திர இசிடியா மாத்திரையா, நடுவுல ஏதாவது காரணத்தால நின்னா என்ன செய்யறதுன்னு டாக்டர்கிட்ட தெளிவா கேட்டு வச்சுக்கோங்க. அம்மா தண்ணியும் இறங்காம இருந்தாலோ சாவைப் பத்தி பேசினாலோ அண்ணன் சம்மதிக்கட்டும்னு காத்திருக்க வேண்டாம், இன்னிக்கே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போங்க. ராத்திரில யார்கிட்டயாவது பேசணும்னா அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இலவசம்தான்.